கை முந்தியவள்

அக்காவுக்குக் கைதான் முதலில் வரும், வார்த்தை பின்னால் வரும். அவளைத் தெரிந்த எவரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். சிலர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், சிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு. நான் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறேன்.

கருங்கல்லிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே மதிலைப் பங்கிட்டுக்கொண்டவை. என் கணவர் சவுதியில். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அக்கா அயர்லாந்தில் இருபது வருடம் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள். வரும்போது எல்லோரையும்போல டி.வி.யும் கம்பளமும் கொண்டுவரவில்லை. கப்பலில் ஒரு மரப்பெட்டி வந்தது. அதை இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. உள்ளே ஒரு பட்டறைக்கல், மூன்று சுத்தியல், கை நீளத்துக்கு இரண்டு குறடுகள்.

அங்கே சனிக்கிழமைதோறும் ஒருவர் தன் கொட்டகையில் இரும்படிக்கச் சொல்லிக்கொடுப்பாராம். டாக்டர், வக்கீல், பென்ஷன் வாங்கியவர் எல்லாம் பொழுதுபோக்காகப் போய் அடிப்பார்களாம். அக்காவை அனுப்பியது ஆஸ்பத்திரியிலேயே இருந்த மனநல ஆலோசகர். கிழவி ஒருத்தியை ஈரப் படுக்கையிலேயே போட்டுவிட்டு டீ குடிக்கப் போன சக நர்ஸை அக்கா வார்டில் வைத்து அறைந்திருக்கிறாள். வேலை போகாமல் தப்பியது பெரிய காரியம். அழாத எதையாவது போய் அடி என்று அந்த ஆலோசகர் சொன்னாராம். இதை அக்காவே என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டாள். லாரியின் பழைய பிரேக் டிரம்தான் உலை. அதன் அடியில் குழாய் வைத்து, குழாயின் மறுமுனையில் ஹேர் டிரையரைச் செருகியிருந்தாள். கரிக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் ஊரில் சிரட்டைக்கா குறை? தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கிச் சாக்கில் கட்டி வைத்திருப்பாள். லாரி ஒர்க் ஷாப்பில் முறிந்த ஸ்பிரிங் பட்டைகளை அவளுக்கென்று எடுத்து வைப்பார்கள். அதிலிருந்து தோசை திருப்பும் சட்டுவம், கரண்டி, வெட்டுகத்தி, சட்டி தூக்கும் இடுக்கி, சுவரில் அடித்துச் சாமான் மாட்டும் கொளுத்து எல்லாம் செய்தாள். எதையும் விற்றதில்லை. பிடித்தவர்களுக்குக் கொடுப்பாள்.

அவள் அடிப்பதைப் பார்க்க எனக்கு ஆசையும் இருக்கும், பயமும் இருக்கும். இரும்பு நெருப்பிலிருந்து வெளியே வரும்வரை நிதானமாக இருப்பாள். கல்லில் வைத்ததும் முகம் மாறிவிடும். உதடு உள்ளே போகும். கழுத்து நரம்பு எழும். அந்த அடியில் கரண்டி செய்யும் எண்ணம் இருப்பதாகவே தெரியாது. எதிரே யாரோ படுத்துக் கிடப்பதுபோலத்தான் அடிப்பாள். பத்துப் பதினைந்து அடி. பிறகு இரும்பைத் திரும்ப நெருப்பில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் என்ன விசேஷம் என்று கேட்பாள்.

எங்கள் சபைப் பாஸ்டரம்மாவுக்கு ஒரு கரண்டி கொடுத்திருந்தாள். அவர்கள் நல்ல மனதோடுதான், வாய் ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா அதை வாங்கிக்கொண்டு வந்தாள். உலையில் வைத்துப் பழுக்கவிட்டுத் தட்டையாக, அப்பளம்போல அடித்தாள். ஆறவைத்துத் துடைத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டுபோய் பாஸ்டரம்மா கையில் கொடுத்தாள். இனி சரிவு இல்லை என்றாளாம். அந்தத் தகட்டை அவர்கள் தூக்கிப் போடவில்லை. பாயசப் பானைக்கு மூடியாக வைத்திருக்கிறார்கள்.

அவள் கல்யாணத்தைப் பற்றி ஊரில் மூன்று கதைகள் உண்டு. மாப்பிள்ளை ஒரு தடவை கை ஓங்கினான், அவள் தாடையை உடைத்துவிட்டாள் என்பது ஒன்று. அவன் ஓங்கவே இல்லை, ஓங்கப்போகிறான் என்று நினைத்து அடித்துவிட்டாள் என்பது இன்னொன்று. மூன்றாவது கதையில் மாப்பிள்ளை நல்லவன், அவளைப் பார்த்துப் பயந்து ஓடிப்போனான். எது நிஜம் என்று நான் கேட்டதில்லை. அவளுடைய அப்பாவைப் பற்றி மட்டும் ஒருமுறை பேச்சு வந்தது. பனை மட்டையின் கருக்கு முனையால் பிள்ளைகளை அடிப்பாராம். அக்காவின் தோள்பட்டைக்குக் கீழே வரிசையாகப் பல் பதிந்த மாதிரி தழும்புகள் இருக்கின்றன. முதல் அடி வாங்கும்வரை காத்திருக்கக்கூடாது என்று தான் எட்டு வயதில் கற்றுக்கொண்டதாகச் சொன்னாள்.

பஸ்ஸில் நடந்ததை ஊரே பெருமையாகச் சொல்லும். நானும் அவளும் நாகர்கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். உறவில் ஒரு புதுமனை புகுவிழா. கொடுப்பதற்காக அவள் செய்த பெரிய சட்டுவம் பையில் இருந்தது. திங்கள்சந்தையில் கூட்டம் ஏறியது. நர்ஸிங் படிக்கும் பெண்ணொருத்தி எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள். பின்னால் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர், அறுபது வயது இருக்கும். அந்தப் பெண் முதலில் முன்னால் நகர்ந்தாள், பிறகு பக்கவாட்டில் நகர்ந்தாள், பிறகு கண் கலங்கி நின்றுவிட்டாள். நான் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

அக்கா எழுந்தது எனக்குத் தெரியவில்லை. தட் என்று ஒரு சத்தம். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் சிவந்தது. இரண்டாவது அடி அவர் வாயைப் பொத்திய கையின் மேல் விழுந்தது. சட்டுவம் காகிதத்தை விட்டு முழுவதுமாக வெளியே வரக்கூட இல்லை. கண்டக்டர் ஓடிவந்து, வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விடட்டுமா என்று பொதுவாகக் கேட்டார். விடு, நானும் இறங்குகிறேன் என்றாள் அக்கா. அந்த ஆள்தான் வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டிக்கொண்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார். படியில் இரண்டு பல் கிடந்தது. அந்தப் பெண் அக்காவின் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள். அக்கா அவளைத் தடவிக்கொடுக்கவில்லை. சட்டுவம் வளைந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கழுவி அப்படியே புதுமனைக்குக் கொடுத்தோம்.

அப்போது எனக்கு அவள்மேல் இருந்த மதிப்பைச் சொல்லி முடியாது. என்னைப்போலப் பார்த்துக்கொண்டே இருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் அவள் அடிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு நடந்ததற்கு இந்த நினைப்பும் ஒரு காரணம்.

எங்களுக்கு எதிரே ஒரு பெரிய வீடு எழும்பிக்கொண்டிருந்தது. டைல்ஸ் வேலைக்கு வங்காளத்திலிருந்து ஐந்து பேர் வந்து அந்த முடியாத வீட்டிலேயே தங்கியிருந்தார்கள். தெருக்குழாயில் குளிப்பார்கள். சத்தமாகப் பாட்டு வைப்பார்கள். கணவன் ஊரில் இல்லாத வீட்டுக்காரி என்பதால் எனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. அவர்கள் என்னை ஏறிட்டுப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் பிடிக்கவில்லை.

அவர்களில் மூத்தவன் பிமல். நாற்பது வயது இருக்கும். திருவனந்தபுரத்தில் பத்து வருடம் வேலை செய்ததால் மலையாளம் பேசுவான். அக்காவைச் சேச்சி என்பான்.

ஒரு சனிக்கிழமை காலை, அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் எதையோ உருட்டித் தேடிக்கொண்டிருந்தாள். அயர்லாந்தில் அவளுக்கு இரும்படிக்கக் கற்றுக்கொடுத்தவர், வழியனுப்பும்போது தன் கையால் செய்து கொடுத்த சுத்தியல் ஒன்று உண்டு. அதைத்தான் காணவில்லை. அவள் கையில் குறடு இருந்தது.

"ஏட்டி, எனக்க சுத்தியல கண்டியா?"

"இல்லியே அக்கா. நேத்து சாயங்காலம் அந்தப் பிமலு உங்க ஷெட்டுப் பக்கம் நின்னான். அத மட்டும் கண்டேன்."

நான் சொன்னது பொய் இல்லை. அவன் நின்றான். போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு யாரோ ஒரு குழந்தையிடம் வீடியோவில் பேசிக்கொண்டு நின்றான். எங்கள் தெருவில் அந்த மூலையில்தான் சிக்னல் நன்றாக இருக்கும். அதையும் பார்த்தேன். அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். அக்கா போய் அவனை ஒரு மிரட்டு மிரட்டினால் நல்லது, அந்தக் கூட்டம் கொஞ்சம் அடங்கும் என்று நினைத்தேன். இதுதான் உண்மை.

அவள் தெருவைக் கடந்தாள். நான் எங்கள் வீட்டு கேட்வரை பின்னால் போனேன். பிமல் இரண்டு கையாலும் ஒரு பெரிய டைலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். சுத்தியல் எங்கே என்று கேட்டாள். அவள் பேசிய வேகத்தில் அவனுக்கு முதலில் புரியவில்லை. பாஷை புரியாதவர்கள் சிரிப்பார்களே, அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று. குறடு மேலே போனதைப் பார்த்ததும் அவன் டைலை விட்டுவிட்டு வலது கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தான்.

"ஞான் எடுத்தில்ல சேச்சி," என்றான்.

டைல் விழுந்து நொறுங்கிய சத்தமும் மணிக்கட்டு முறிந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. எது எந்தச் சத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் கை, வளையக்கூடாத இடத்தில் வளைந்து தொங்கியது. அவன் அலறவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான்.

அடுத்த நொடியே அக்கா அவன் பக்கத்தில் முழந்தாளிட்டு இருந்தாள். குறடு எங்கோ கிடந்தது. டைல்ஸ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, தன் துப்பட்டாவால் முழங்கையிலிருந்து விரல்வரை சேர்த்துக் கட்டினாள். அவ்வளவு மென்மையாக ஒரு கையைத் தொடுவதை நான் பார்த்ததில்லை. ரெண்டு எலும்பும் போயாச்சு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆட்டோ பிடித்து, அவனைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனாள். ஆப்பரேஷன் செய்து தகடு வைத்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய்ப் போலீஸ் வந்தது. சாரத்திலிருந்து விழுந்தேன் என்று சொல்லும்படி அவர்களை வேலைக்குக் கூட்டிவந்த மேஸ்திரி பிமலுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். பிமலும் அப்படியே சொன்னான். அக்கா ஸ்டேஷனுக்குப் போய், அது பொய், நான்தான் அடித்தேன் என்று எழுதிக் கொடுத்தாள். அவன்தான் எடுத்தான் என்று உனக்கு யார் சொன்னது என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார். யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்தேன் என்று சொல்லியிருக்கிறாள். கூடப் போன எங்கள் வார்டு மெம்பர் வந்து இதைச் சொன்னபோது நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிமல் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய இரண்டாம் நாள், நல்லமிளகு காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அந்தச் சுத்தியல் கிடந்தது. மழையில் நனைந்து லேசாகத் துரு ஏறியிருந்தது.

கணவருக்குப் போன் செய்தேன். லீவு முடிந்து அவர் கிளம்பிப்போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. தொட்டியின் பைப்பை இறுக்க எடுத்தேன், அக்கா அப்போது வீட்டில் இல்லை, திருப்பி வைக்க மறந்துபோனேன் என்றார். அவள் தினமும் எடுக்கிற சுத்தியல் அல்ல அது, அதனால்தான் இத்தனை நாள் தேடவில்லை. ஏன், என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

இரண்டு நாள் அது என் அரிசிப் பானைக்குள் இருந்தது. பள்ளிக்குப் போனேன், வந்தேன். கிணற்றில் போட்டுவிடலாம் என்று ஒரு தடவை எடுத்துக்கொண்டு கிணற்றடிவரை போனேன். முறிந்த எலும்பு முறிந்ததுதான், இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் சோற்றுக்கு அரிசி அளக்கக் கையை விட்டபோது விரல் அந்த இரும்பில் பட்டது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

அக்கா உலைக்கு முன்னால் நின்றிருந்தாள். நெருப்பு இல்லை. நான் சுத்தியலைப் பட்டறைக்கல்லின் மேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். போனில் குழந்தையோடு பேசிக்கொண்டு நின்றதை நான் பார்த்ததையும் சொன்னேன். பானைக்குள் இரண்டு நாள் இருந்ததையும் சொன்னேன். சொல்லிவிட்டு, அவள் கை வருவதற்கு முன்பே முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டேன்.

"அடிச்சிருங்க அக்கா," என்றேன்.

அடி விழவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்ன அடிச்சா ஒனக்கு சொகமாப் போவும் மக்கா. அது வேண்டாம்."

ஒரு கையில் சுத்தியலை எடுத்துக்கொண்டு, மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியின் நீலம் என் கையில் ஒரு வாரம் இருந்தது. தெருவைக் கடந்து அந்த வீட்டுக்குள் கூட்டிப்போனாள். ஹாலில் பாதித் தரைக்கு வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார்கள். பதிக்காத பாதியில் பாய் விரித்து பிமல் படுத்திருந்தான். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

"சொல்லு. உனக்க வாயால சொல்லு," என்றாள்.

எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். பிமல் எழுந்து உட்கார்ந்து கேட்டான். ஒன்றே ஒன்றுதான் கேட்டான். நான் போனில் பேசிக்கொண்டிருந்ததை நீங்கள் பார்க்கவில்லையா என்றான். பார்த்தேன் என்றேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அக்கா அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். தன் வலது கையை விரித்து வெள்ளை டைலின் மேல் வைத்தாள். சுத்தியலை அவனுடைய இடது கையில் திணித்தாள். அடி என்றாள். அவனுக்குப் புரியவில்லை என்று நினைத்து, அடிப்பதுபோலக் காட்டினாள். அவன் தீயைத் தொட்டவன்போலச் சுத்தியலைக் கீழே போட்டான். அழத் தொடங்கினான். வேண்டா சேச்சி, வேண்டா என்று பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

அவள் இடது கையால் சுத்தியலை எடுத்தாள்.

முதல் அடி விரல்களின் மேல் விழுந்தது. தேங்காய் உடைவதுபோல இல்லை, பச்சைக் குச்சி முறிவதுபோலவும் இல்லை. ஈரமான ஒரு சத்தம். யாரும் அசைவதற்கு முன் இரண்டாவது அடி புறங்கையில் விழுந்தது. கீழே இருந்த டைல் நட்சத்திரம்போல வெடித்தது. மூன்றாவதுக்கு ஓங்கியபோதுதான் ஒருவன் சோற்றுக் கையோடு பாய்ந்து அவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். அவள் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. வெள்ளை டைல்களுக்கு இடையிலிருந்த கோடுகள் வழியாக இரத்தம் நேர்கோடாக ஓடியது.

அவளுடைய மோதிர விரலும் சுண்டு விரலும் அதன் பிறகு மடங்கவே இல்லை.

வேலை செய்ய முடியாதவனுக்கு இங்கே இடமில்லை என்று மேஸ்திரி பிமலிடம் சொல்லிவிட்டான். தகட்டை மறுபடி பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லியிருந்ததால் அவனால் ஊருக்கும் போக முடியவில்லை. அக்கா அவனைத் தன் வீட்டு முன்னறைக்குக் கூட்டிவந்தாள். வேறு போக்கிடம் இல்லாமல்தான் அவன் வந்தான். இரண்டு பேருக்கும் வலது கையில் கட்டு. அவள் இடது கையால் வெங்காயம் நறுக்குவாள். அவன் இடது கையால் உருளைக்கிழங்கைத் தோலுரிப்பான். இரண்டு பேரும் ஸ்பூனால் சாப்பிடுவார்கள். நான் மதியம் மீன்கறி கொண்டுபோவேன். அக்கா சாப்பிடுவாள். பிமல் கடைசிவரை என் கறியைத் தொடவில்லை.

வந்த நான்காம் நாள் அவன் அக்காவிடம் ஒன்று கேட்டான். அந்த அறைக் கதவை உள்ளிருந்து பூட்ட முடியவில்லை, ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்றான். கடையில் போனால் பத்து நிமிடத்தில் வாங்கலாம். அக்கா தானே செய்தாள். இரும்பை வைஸில் இறுக்கிக்கொண்டு, இடது கையால் மூன்று நாள் அடித்தாள். கோணல்மாணலாக, அடித்த தடமெல்லாம் தெரிய, கட்டைவிரல் கனத்தில் ஒரு தாழ்ப்பாள். நான் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொடுக்க அவளே கதவில் மாட்டினாள். பிமலை உள்ளே விட்டுத் தாழிடச் சொல்லிவிட்டு, வெளியே நின்று தோளால் இடித்துப் பார்த்தாள். மூன்று முறை, வீடு அதிர இடித்தாள். கதவு அசையவில்லை.

"இனி நான் நெனச்சாலும் தொறக்க முடியாது கேட்டியா," என்றாள் கதவைப் பார்த்து.

அதிலிருந்து அவன் அறைக்குள் போகும்போதெல்லாம், பட்டப்பகலாக இருந்தாலும், அந்தத் தாழ் விழும் சத்தம் கேட்கும். அக்கா செய்துகொண்டிருக்கும் வேலையை ஒரு கணம் நிறுத்துவாள். பிறகு தொடர்வாள். அவள் வாங்கிய அடிகளிலேயே பெரியது அந்தச் சத்தம்தான் என்று எனக்குத் தோன்றும்.

இரண்டு மாதம் கழித்து அவன் ஊருக்குப் போனான். கை கூடிவிட்டது. ஆனால் மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. டைல் பதிக்கிறவனுக்கு அது போதாது. நாகர்கோவில் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். அக்கா டிபன் வாங்கப் போயிருந்த நேரத்தில், சேச்சிமேல் இன்னும் கோபமா என்று அவனிடம் கேட்டேன். அவன் யோசித்துத்தான் பதில் சொன்னான்.

"சேச்சி நல்ல ஆளாணு. எனிக்கு பேடியாணு."

நல்ல மனுஷிதான், ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னான். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கேஸ் ஒரு வருடம் நடந்தது. அக்கா குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அபராதம் போட்டு, கோர்ட் கலையும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்று தண்டனை சொன்னார்கள். உட்கார பெஞ்சு இருந்தது. அவள் சாயங்காலம்வரை சுவரில் சாயாமல் நின்றாள். சாட்சி என்று என்னை யாரும் கூப்பிடவில்லை. அந்தக் காகிதங்கள் எதிலும் என் பெயர் இல்லை.

பட்டறைக்கல்லை லாரி ஒர்க் ஷாப்புக்குக் கொடுத்துவிட்டு, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவள் போனாள். திருவட்டாறு பக்கம், படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் சேர்ந்திருப்பதாகப் பிறகு தெரிந்தது. போகவேண்டும் என்று நினைத்து நினைத்து ஒன்றரை வருடம் கழித்துத்தான் போனேன்.

காலை பத்து மணி இருக்கும். நீளமான ஒரு அறை, பன்னிரண்டு கட்டில். வாசலை ஒட்டிய கட்டிலில் புத்தி தடுமாறிய ஒரு முதியவர். ஒரு காலத்தில் பட்டாளத்தில் இருந்தவராம், எலும்பும் தோலுமாக இருந்தாலும் கை மட்டும் பெரியது. அக்கா அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன்.

அவர் எதையோ நினைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து அவள் கன்னத்தில் ஓங்கி அடித்தார். கஞ்சிக் கிண்ணம் தெறித்து விழுந்தது. இரண்டாவது முறையும் அடித்தார். அது கண்ணுக்குப் பக்கத்தில் பட்டது. கெட்ட வார்த்தை சொல்லித் துப்பினார்.

அக்கா எழுந்தாள். என் உடம்பு தானாகவே ஒரு அடி பின்வாங்கியது. அந்தக் கை வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

கை வரவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோயிருந்தாள். இடது கை வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. மடங்காத அந்த இரண்டு விரல்களும் நீட்டிக்கொண்டிருந்தன. பிடித்த கையின் நகக்கண்கள் வெளுத்துப்போயிருந்தன. தோள்கள் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. உலையில் இரும்பை அடிக்கும்போது வரும் அதே முகம்தான். உதடு உள்ளே போய், கழுத்து நரம்பு எழும்பி நின்றது.

"அடிச்சாச்சா? இனி கஞ்சி குடிக்கலாமா?" என்று அவரிடம் கேட்டாள். குரல் சாதாரணமாக இருந்தது.

அவர் டம்ளரைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தைபோல வாயைத் திறந்தார்.

அப்போதுதான் அக்கா என்னைப் பார்த்தாள். கன்னத்தில் இரத்தம் கட்டத் தொடங்கியிருந்தது. நான் ஒரு அடி உள்ளே வைத்தேன். அவள் தலையை அசைத்து வேண்டாம் என்றாள். கைகளை இன்னும் முன்னால் கொண்டுவரவில்லை.

"வெளிய நில்லு மக்கா," என்றாள். "இது போய்த் தீரட்டும்."